பதினெட்டில் வை

எங்கள் குடும்பத்தில் ஐம்பதைத் தாண்டிய ஆண்கள் எல்லோருக்கும் மே மாதம் பிறந்தால் ஒரு வியாதி வரும். ஏசி அறையில் காலை நீட்டி உட்கார்ந்து, காபியை ஆற்றிக்கொண்டே, "அந்தக் காலத்துல ஏசியா இருந்துச்சு? நாமெல்லாம் வளரலையா?" என்று ஆரம்பிப்பார்கள். அந்தச் சமயம் பார்த்து ஏசியை அணைத்துப் பாருங்கள். மூன்றாவது நிமிஷம் பேச்சு நின்று, ரிமோட் எங்கே என்று தேட ஆரம்பித்துவிடுவார்கள். நானும் இந்த வியாதிக்காரன்தான். அதனால் யார் மனமும் நோகாமல் இதைச் சொல்லலாம்.

நான் வளர்ந்தது வேலூரில். வெயிலைப் பற்றிப் பெருமையடிக்க எங்களுக்குப் பிறப்புரிமை உண்டு. வெயிலூர் என்று கேலி செய்யாத வெளியூர்க்காரர் கிடையாது. தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று ஊரின் அருமை பெருமைகளைப் பட்டியலாகவே சொல்வார்கள். 1981-ல் கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குச் சாமி திரும்பி வந்துவிட்டார். பாலாற்றுக்குத் தண்ணீர் அப்படி வந்து தங்கவில்லை. எப்போதாவது ஒரு வெள்ளம் எட்டிப் பார்த்துவிட்டுப் போகும், அவ்வளவுதான்.

சென்னைக்காரர்களுக்கு மத்தியானத்துக்கு மேல் கடற்காற்று வந்து கொஞ்சம் ஆறுதல் சொல்லும். எங்கள் ஊர் கடலிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே இருக்கிறது. அந்தக் காற்று வருகிறதென்றால் இருட்டிய பிறகுதான் வரும், பாதி நாள் அதுவும் வராது. சுற்றிலும் மொட்டைப் பாறைக் குன்றுகள். பகல் முழுக்கக் குடித்த சூட்டை அவை ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு நிதானமாக ஊருக்குத் திருப்பிக் கொடுக்கும்.

மறுநாள் காலையில் பேப்பர் வந்ததும் எங்களுக்கு முக்கியமான செய்தி ஒன்றுதான்: நேற்று எங்கெங்கே சதம்? பள்ளிக்கூடத்தில் செல்சியஸ் சொல்லிக் கொடுத்தார்கள், வானிலை மையமும் செல்சியஸில்தான் சொல்கிறது. ஆனால் தமிழ்ப் பத்திரிகைகள் வெயிலுக்கு மட்டும் இன்று வரை பாரன்ஹீட்டைக் கைவிடவில்லை. 37.8 டிகிரி என்று போட்டால் யாருக்குச் சுரணை வரும்? 100 என்று போட்டால்தான் சதம். வேலூர், திருத்தணி, மதுரை, கரூர் பரமத்தி என்று பட்டியல் வரும். கரூர் பரமத்தி எங்களை முந்திவிட்ட நாட்களில் தெருவில் ஒரு துக்கம் தெரியும். "இன்னாடா, நம்ம ஊருக்கு இன்னா ஆச்சு?" என்று தாத்தா பேப்பரை மடித்து வைப்பார்.

மே 4 வாக்கில் கத்திரி பிறந்து 28 வாக்கில் முடியும். பஞ்சாங்கம் போட்ட இந்தக் கணக்கை வெயில் எப்போதும் மதித்து நடந்ததாகச் சொல்ல முடியாது. சென்னையில் வெயில் 45 டிகிரியைத் தொட்டது 2003 மே 31 அன்று. கத்திரி விடைபெற்றுப் போன பிறகு.

எங்கள் வீடு லாங் பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. முன்கட்டு நாட்டு ஓடு, பின்கட்டு மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்தரத்தின்மேல் செங்கல்லை நிறுத்திவைத்துச் சுண்ணாம்பு போட்டுக் கட்டுகிற கூரை அது. சுவர் இரண்டு சாண் தடிமன் இருக்கும். கூடத்து ஓட்டுக்கு நடுவே வெளிச்சத்துக்காக ஒரு கண்ணாடி ஓடு பதித்திருந்தார்கள். அதன் வழியாக விழும் வெயில் ஒரு சதுரமாகத் தரையில் இறங்கி, காலையில் நெல் மூட்டைப் பக்கம் தொடங்கி, உச்சிப் பொழுதில் கூடத்து நடுவுக்கு வந்து, சாயங்காலம் தையல் மிஷின் மேல் ஏறிக் காணாமல் போகும். அந்தச் சதுரத்துக்குள் தூசி மிதப்பதைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பதுதான் கோடை விடுமுறையின் பெரும்பகுதி. வெளியே விட மாட்டார்கள். அந்தச் சதுரம் தையல் மிஷின் காலைத் தொட்டால் வெளியே போகலாம் என்பது சட்டம். என் தம்பி மிஷினைக் கொஞ்சம் கொஞ்சமாக நடுக்கூடத்துப் பக்கம் நகர்த்தி வைத்தான். அது தெரியவர ஒரு வாரம் ஆனது.

கூடத்தில் ஒரே ஒரு சீலிங் ஃபேன். அதற்கு நேர் கீழே தாத்தாவின் கட்டில். அதைச் சுற்றி, வேலைக்குப் போகிற ஆண்கள். அதற்கு வெளியே பையன்கள். காற்று தீர்ந்துபோகிற எல்லையில் பெண்கள். யாரும் எழுதி வைக்காத, யாரும் மீறாத ஏற்பாடு. மே மாதத்தில் வோல்டேஜ் இறங்கிப்போய், படுத்தபடியே இறக்கைகளை எண்ணிவிடலாம். அப்போது தாத்தாவுக்கும் எல்லைக்கு வெளியே இருப்பவர்களுக்கும் இடையே கொஞ்ச நேரம் சமத்துவம் நிலவும்.

இந்தச் சமத்துவ நேரத்தில் எனக்கு மட்டும் தனிக் காற்று உண்டு. அது ஆயாவின் விசிறி. பனையோலை விசிறி வாங்கி வந்தவுடனே அதன் ஓரத்துக்குப் பழைய புடவைக் கிழிசலை மடித்து வைத்து ஆயா சுற்றிலும் தைத்துவிடும். தைக்காவிட்டால் பத்து நாளில் ஓலை பிரிந்து நாராகிவிடும். படுக்கும்போது அதன்மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டு வீச ஆரம்பிக்கும். தூங்கிக்கொண்டே வீசும். கை தளர்ந்து விசிறி தரையில் தட்டும்போது நான் "உம்" என்று முனகினால் போதும், கண் திறக்காமலே கை மறுபடி எழும். உலகத்திலேயே முதல் ரிமோட் அதுதான் என்று நினைக்கிறேன். ஆயாவுக்கு யார் வீசினார்கள் என்று அப்போது யோசித்ததில்லை. இப்போது யோசித்தால் யாரும் வீசியதாக நினைவில்லை.

பழைய கோடையைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் கடைசியில் வந்து சேருகிற இடம் மொட்டை மாடி. நானும் வந்துவிட்டேன். சாயங்காலம் வெயில் இறங்கியதும் மாடிக்குத் தண்ணீர் கொட்ட வேண்டும். வேலூரில் மே மாதம் நல்ல தண்ணீரைத் தரையில் கொட்டினால் அடி விழும். அதனால் துணி அலசிய தண்ணீர், பாத்திரம் கழுவிய கடைசித் தண்ணீர், குளித்த தண்ணீரில் பிடித்து வைத்தது என்று பகல் முழுக்கக் கொல்லையில் ஒரு அண்டாவில் சேரும். அம்மாவும் அத்தையும் அதைப் பக்கெட் பக்கெட்டாக மாடிப்படி ஏற்றுவார்கள். முதல் பக்கெட்டைக் கொட்டியதும் தரை உஸ்ஸென்று உறிஞ்சிக்கொள்ளும். சுண்ணாம்பும் சவுக்காரமும் கலந்த ஒரு சுடு வாசனை முகத்தில் அடிக்கும். இரண்டாவது பக்கெட்டும் போன இடம் தெரியாது. நாலாவது ஐந்தாவதில்தான் ஈரம் நிற்கும். அந்த ஈரத்தில் சறுக்கி விளையாடியவர்கள் நாங்கள். பக்கெட் தூக்கியவர்கள் அதற்குள் கீழே இறங்கி, ராத்திரிச் சமையலுக்கு விறகடுப்பை ஊதிக்கொண்டிருப்பார்கள்.

பிறகு பாய், தலையணை, ஒரு கூஜாவில் தண்ணீர், பக்கத்து மாடியிலிருந்து இலங்கை வானொலி. பெரியப்பா பேய்க் கதை சொல்வார். விடிகாலை மூன்று மணிக்கு எங்கிருந்தோ ஒரு காற்று வந்து போர்வையைத் தேட வைக்கும். சொர்க்கம்தான், அதில் சந்தேகமில்லை.

இந்தக் கதையை நான் குடும்ப விசேஷங்களில் சொல்லும்போதெல்லாம் அக்கா வாயே திறக்க மாட்டாள். மறந்துவிட்டாள்போல என்று நினைத்துக்கொண்டிருந்தேன். போன கோடையில் ஒரு நாள், நான் மூன்று மணிக் காற்றுக்கு வந்து சேர்ந்தபோது, வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னாள்: "அந்தக் காத்து எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதுடா. நான் பெரியவளானதுக்கு அப்புறம் அம்மா என்னை மேல ஏத்தவே இல்ல."

அக்கம்பக்கத்து மாடிகளில் ஆண்கள் படுத்திருப்பார்கள். அதனால் வயசுப் பெண் மாடியில் படுக்கக் கூடாது. அவளோடு துணைக்கு அம்மா, அத்தை. மூன்று பேரும் பின்கட்டு அறையில். ஜன்னலைத் திறந்து வைக்கலாமா என்றால் திருடன் பயம். கூடத்து ஃபேன் தாத்தாவுக்கு. அந்த அறையின் கூரைதான் எங்கள் மாடித் தரை. மேலே கொட்டிய தண்ணீரில் எங்கள் பக்கம் குளிர்ந்தது. கூரையின் அடிவயிற்றில் இருந்த சூடு அவர்கள் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. அம்மா முந்தானையால் விசிறிக்கொண்டே விடியும் வரை உட்கார்ந்திருப்பாளாம். "கழுத்தெல்லாம் வேர்க்குரு. பவுடர் டப்பா தீர்ந்தா உங்க அப்பா கிட்ட கேக்கறதுக்குக்கூட வெக்கப்படுவாங்க" என்றாள் அக்கா.

வெங்காயத்தை நறுக்கி முடித்துவிட்டு, "பதினெட்டுல வை" என்றாள்.

அக்கா வீட்டில் ரிமோட் அக்காவின் தலையணைக்கு அடியில்தான் இருக்கும். பதினெட்டுக்கு மேல் ஏற்ற யாருக்கும் அதிகாரம் கிடையாது. மாமா குல்லா போட்டுக்கொண்டு, கழுத்து வரை கம்பளியை இழுத்துக்கொண்டு படுத்திருப்பார். 2020-லிருந்து நட்சத்திரக் குறியோடு விற்கிற ஏசிகள் எல்லாம் போட்டவுடன் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்று மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு விதி கொண்டுவந்தது. மாமா அதைப் பேப்பரிலிருந்து வெட்டியே வைத்திருக்கிறார். "கவர்மென்ட்டே இருபத்துநாலுல வைக்கச் சொல்லுது" என்று ஒரு முறை நீட்டினார். "கவர்மென்ட்ட வந்து எங்க பின்கட்டு ரூம்ல ஒரு மே மாசம் படுக்கச் சொல்லுங்க. அப்புறம் பேசலாம்" என்றாள் அக்கா. அதற்குப் பிறகு மாமா பேசவில்லை.

சாப்பாட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கோடைக் கட்டுரை என்று ஒப்புக்கொள்ள மாட்டீர்கள். காலையில் கேழ்வரகுக் கூழ், மோர் ஊற்றிக் கரைத்து, சின்ன வெங்காயத்தோடு. பட்டணத்து உறவினர் யாராவது வந்துவிட்டால் கூழ்ப் பானையைத் திரைக்குப் பின்னால் தள்ளிவிட்டு இட்லி வாங்கி வர ஓடுவோம். இப்போது அதே கூழைச் சிறுதானிய பானம் என்று கண்ணாடி ஜாடியில் ஸ்ட்ரா போட்டு, ஏசி உணவகத்தில் கொடுக்கிறார்கள். அதே பட்டணத்து உறவினர்தான் அதைப் படம் பிடித்து அனுப்புகிறார். நுங்கு அன்று தெருமுனையில் வெட்டித் தருவது. கட்டைவிரலால் குத்தி எடுத்து உறிஞ்ச வேண்டும், தோலை முதுகு வேர்க்குருவில் தேய்க்க வேண்டும், குடுக்கையில் வண்டி செய்து ஓட்ட வேண்டும். இன்று செல்போனில் ஆர்டர் போட்டால் தோல் உரித்த நுங்கு பிளாஸ்டிக் டப்பாவில் வந்துவிடுகிறது. குழந்தைகள் ஸ்பூனால் சாப்பிடுகின்றன. வண்டி ஓட்டக் குடுக்கை இல்லை. வேர்க்குருவும் இல்லை, அதையும் சேர்த்துச் சொல்லத்தானே வேண்டும்.

குளிர்சாதனம் என்பதை நாங்கள் முதலில் பார்த்தது சினிமாக் கொட்டகையில். ஊரில் ஒரு தியேட்டர் ஏசி போட்டு, போஸ்டரில் நடிகர் பெயருக்குச் சமமான எழுத்தில் 'குளுகுளு' என்று அச்சடித்தது. மேட்னி ஷோவுக்குக் கூட்டம் அலைமோதியது. இடைவேளை வரைக்கும்தான் ஏசி ஓடும், அதற்குப் பிறகு அணைத்துவிட்டு மிச்சக் குளிரிலேயே கிளைமாக்ஸை ஒப்பேற்றுவார்கள். ஆயாவை ஒரு தடவை கூட்டிக்கொண்டு போனோம். பெயர் போடும்போதே தூங்கியது. இடைவேளையில் முறுக்கு வாங்கிக் கொடுக்க எழுப்பினால்கூட எழுந்திருக்கவில்லை. கையில் விசிறி இல்லாமல், அசையாமல் ஆயா தூங்கி நான் பார்த்தது அன்றுதான். வெளியே வரும்போது "படம் எப்படி ஆயா?" என்று கேட்டோம்.

"நல்லா ஜில்லுனு இருந்துச்சுடா கண்ணு. இன்னொரு தடவ கூட்டிக்கினு வா."

இத்தனை பாடுபட்ட மனிதர்களுக்காகத்தான் யாரோ ஒரு புண்ணியவான் ஏசியைக் கண்டுபிடித்தான் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். 1902-ல் அமெரிக்காவில் வில்லிஸ் கேரியர் என்ற இளம் பொறியாளர் முதல் நவீன ஏசியை வடிவமைத்தது நியூயார்க் புரூக்ளினில் இருந்த ஒரு அச்சகத்துக்காக. காற்றின் ஈரப்பதத்தில் காகிதம் விரிந்து சுருங்கி, ஒரு வண்ணத்தின்மேல் அடுத்த வண்ணம் சரியாக உட்காராமல் தவித்தது. மனிதனுக்கு வியர்த்தபோது விசிறி கொடுத்தார்கள். காகிதத்துக்கு வியர்த்தபோது இயந்திரம் கண்டுபிடித்தார்கள்.

அதற்கும் முன்னால் குளிர் கப்பலில் வந்தது. அமெரிக்காவின் பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் உறைந்த ஐஸை வெட்டி, மரத்தூளில் பொதிந்து, கடல் தாண்டிக் கொண்டுவந்து விற்றவர் ஃபிரெடெரிக் டூடர். சென்னையில் அதை வைக்க 1842-ல் கட்டிய கிடங்குதான் ஐஸ் ஹவுஸ். விவேகானந்தர் 1897-ல் அங்கே தங்கியதால் இன்று விவேகானந்தர் இல்லம். ஐஸின் அளவு மட்டும் இன்னும் நம் வீட்டைவிட்டுப் போகவில்லை. கடைக்காரர் "ஒண்ணா, ஒன்றரையா சார்?" என்று கேட்கிறாரே, அந்த டன் ஏசியின் எடை அல்ல. ஒரு டன் ஐஸ் இருபத்துநாலு மணி நேரத்தில் உருகினால் எவ்வளவு சூட்டை உறிஞ்சுமோ, அவ்வளவை வெளியேற்றும் சக்தி. அமெரிக்க டன் என்பதால் 907 கிலோ கணக்கு. ஒன்றரை டன் ஏசி முழு வேகத்தில் ஒரு நாள் ஓடினால், 1,300 கிலோவுக்கு மேல் ஐஸைப் படுக்கையறையில் உருக்கியதற்குச் சமம். எங்கள் ஊரில் சைக்கிள் கேரியரில் உமி பூசிய ஐஸ் பாளம் போனால், அதிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடிக்கத் தெரு முனை வரை பின்னாலேயே ஓடியவன் நான்.

இப்போது நான் சென்னையில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறேன். மேற்குப் பார்த்த பெரிய கண்ணாடி ஜன்னல், அரையடிக்கும் குறைவான கான்கிரீட் கூரை. கட்டும்போதே ஏசிக்கு ஓட்டை விட்டுக் கட்டிய வீடு. ஏசி இல்லாவிட்டால் அது வீடாகவே இருக்காது. மொட்டை மாடி உண்டு. அங்கே தண்ணீர்த் தொட்டிகள், லிஃப்ட் அறை, டிஷ் குடைகள், பூட்டிய கதவு. சாவி அசோசியேஷன் செயலாளரிடம். ராத்திரி பாயோடு போய்ச் சாவி கேட்டால் டாக்டரைப் பார்க்கச் சொல்வார்.

வெயிலைப் பற்றிய கவலை போய், யூனிட்டைப் பற்றிய கவலை வந்துவிட்டது. இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் என்பது தமிழ்நாட்டு நடுத்தர வர்க்கத்தின் லட்சுமணக் கோடு. தாண்டினால் அதற்கு மேற்பட்ட யூனிட்டுக்கு மட்டுமல்ல, கீழே இருப்பதற்கும் சேர்த்து விகிதம் மாறிவிடும். பில் வருகிற வாரத்தில் மீட்டர் பெட்டிக்கு முன்னால் நின்று டார்ச் அடித்துப் பார்க்கிற கூட்டத்தில் நானும் ஒருவன். 480-ஐத் தாண்டிவிட்டால் வீட்டில் திடீரென்று பழமை போற்றுதல் ஆரம்பிக்கும். "ஜன்னலைத் திற, இயற்கைக் காத்து உடம்புக்கு நல்லது."

இயற்கைக் காற்று என்று ஒன்று மிச்சமிருக்கிறதா என்பது வேறு விஷயம். ஏசி குளிரை உற்பத்தி செய்வதில்லை. உள்ளே இருக்கும் சூட்டை அள்ளி, தான் தின்ற மின்சாரத்தின் சூட்டையும் சேர்த்து வெளியே கொட்டுகிறது. ஜன்னலைத் திறந்தால் எதிர் வீட்டுப் படுக்கையறைச் சூடு நம் கூடத்துக்கு வருகிறது. மூடினால் நம்முடையது அங்கே போகிறது. 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது, வெயிலில் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணத்தோடு. நாங்கள் பத்திரிகையில் சதம் எண்ணி மகிழ்ந்த அதே வெயில்தான், புயல் வெள்ளத்தோடு ஒரே வரிசையில் இப்போது உட்கார்ந்திருக்கிறது.

எங்கள் காம்பவுண்டு சுவரை ஒட்டி ஒரு வேப்பமரம். அதன் கீழே இஸ்திரி வண்டி. ஏசி பொருத்த வந்த பையன், குழாய் குறைவாகச் செலவாகும் என்று அவுட்டோர் யூனிட்டை அந்தப் பக்கச் சுவரில் மாட்டிவிட்டுப் போனான். ஏப்ரலில் ஒரு நாள் பார்க்கிறேன், வண்டி ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் நிழலே இல்லாத இடத்தில் நிற்கிறது. சட்டையைக் கொடுக்கப் போனபோது, "வேப்பமரத்த விட்டுட்டு ஏண்ணா இங்க வந்துட்டீங்க?" என்றேன். கரிப்பெட்டியை ஒருக்களித்து வைத்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நிழல் நல்லாத்தான் இருக்குது சார். உங்க மிஷின் காத்துதான் இந்தப் பொட்டியவிட சூடா வருது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அன்றைக்கு ஐந்து சட்டை, இரண்டு பேன்ட் என்று எண்ணி எழுதிக்கொண்டார்.

யூனிட்டைப் பெயர்த்து மாடிக்கு ஏற்ற, செப்புக் குழாய், கேஸ், கூலி எல்லாம் சேர்த்து ஒரு தொகை ஆனது. அசோசியேஷனில் இரண்டு வாரம் வாக்குவாதமும் நடந்தது. வண்டி மரத்தடிக்குத் திரும்பியது.

ஏசி வாங்காதீர்கள் என்று சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. சொன்னால் அக்கா விடமாட்டாள். வாங்குங்கள், எத்தனையில் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள், பில் உங்களுடையது. ஆனால் பொருத்த வருகிறவர் சுவரில் துளை போடுவதற்கு முன்னால், ஜன்னலைத் திறந்து ஒரு தடவை கீழே எட்டிப் பாருங்கள். அங்கே யாராவது நின்று வேலை செய்துகொண்டிருந்தால், இன்னும் பத்தடிக் குழாய்க்குக் காசைக் கொடுத்து, யூனிட்டை மாடியில் வைக்கச் சொல்லுங்கள்.